பழைய பில் இருக்கா, அண்ணாச்சி?

டிரேட்மார்க் விஷயமாக யார் வந்து உட்கார்ந்தாலும் நான் முதலில் பேரைக் கேட்பதில்லை. "இந்தப் பேர்ல மொத மொதல்ல எப்ப வித்தீங்க?" என்றுதான் கேட்பேன். சிலர் வருடத்தைச் சொல்வார்கள். சிலர் மூத்த மகள் பிறந்த வருடம், குண்டு வெடித்த வருடம், ஜூலை மழையில் ஊரே முங்கின வருடம் என்று அடையாளம் சொல்வார்கள். அடுத்த கேள்வி, "அந்த வருஷத்து பில் ஏதாவது இருக்கா?" அதற்குப் பதில் வர நேரமாகும்.

மும்பை செம்பூரில், திலக் நகரில் ஹவுசிங் போர்டு கட்டிய பழைய கட்டடங்களில் ஒன்றின் தரைத்தளத்தில், ஒரு கணக்காளரோடு பங்கு போட்டுக்கொண்ட அறையில் மாலை நேரங்களில் உட்காருகிறேன். பகலில் ஃபோர்ட்டில் சீனியரின் சேம்பர். வக்கீல் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. பெயர்ப்பலகைகூட அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கக் கூடாது. ஆகவே புதிதாகத் தொழிலுக்கு வந்தவளிடம் கட்சிக்காரர்கள் வாய்வழியாகத்தான் வந்து சேர்கிறார்கள். செட்டா நகர் முருகன் கோயிலில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஒருவரை அனுப்புவார். அப்பாவோடு ஆர்.சி.எஃப். உரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவரின் மைத்துனர் இன்னொருவரைக் கூட்டி வருவார். முறுக்கு, அப்பளம், இட்லி மாவு, ஊதுபத்தி, தோல் பை, கேட்டரிங் என்று எல்லாமே சின்னத் தொழில்கள். ஆனால் அந்தப் பேரைச் சொல்லி மாட்டுங்கா மார்க்கெட்டிலும் செம்பூர் ஸ்டேஷன் பக்கத்திலும் ஆட்கள் கேட்டு வாங்குகிறார்கள். அப்படிக் கேட்டு வாங்கப்படும் பேர் ஒரு சொத்து என்பதை அதன் சொந்தக்காரருக்கே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நெல்லைச் சீமைக்காரர்கள் நிறைந்த பகுதி இது. சட்டப் பிரிவுகளை அடுக்குவதை விட்டுவிட்டு இருட்டுக்கடை அல்வா வழக்கைச் சொன்னால் காது திறந்துவிடுகிறது. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே கீழரத வீதியில் 1900-ஆம் ஆண்டிலிருந்து நடக்கும் கடை. பெரிய விளக்கு வெளிச்சம் இல்லாததால் ஊர் ஜனங்களே வைத்த பேர் இருட்டுக்கடை. பிற்பாடு வேறொருவர் 'திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா' என்று விற்க ஆரம்பித்தார். அவர் அந்தப் பேரைப் பதிவும் செய்துவிட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இரண்டு பேர் கையிலும் பதிவுச் சான்றிதழ் இருந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. சட்டப்படி பதிவு பெற்ற ஒருவர் பதிவு பெற்ற இன்னொருவர் மீது மீறல் வழக்குப் போட முடியாது என்பது எதிர்த்தரப்பு வாதம். 2015-இல் நீதிமன்றம் சொன்ன பதில் இந்தத் தொழிலின் அஸ்திவாரம்: பதிவு புதிதாக ஓர் உரிமையை உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே இருக்கும் உரிமையை அது அங்கீகரிக்கிறது, முதலில் பயன்படுத்தியவரின் உரிமை பதிவுக்கும் மேலானது. பழைய கடைக்கே வெற்றி.

இதைக் கேட்டதும் ஓர் அண்ணாச்சி, "அப்ப எனக்குப் பதிவே வேண்டாம்லா? நாந்தான மொதல்ல வச்சேன்?" என்று எழுந்துவிட்டார். அவரை உட்கார வைத்தேன். பதிவு வேண்டும். பதிவு இருந்தால் கோர்ட்டில் பேர் உங்களுடையது என்ற அனுமானத்திலிருந்து தொடங்கலாம். இல்லாவிட்டால் உங்கள் பேருக்கு மதிப்பு இருந்தது, எதிராளி அதைக் காட்டி ஏமாற்றினார், உங்களுக்கு நஷ்டம் என்று ஒவ்வொன்றையும் நீங்களே நிரூபிக்க வேண்டும். 1999-ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டத்தின் 34-ஆம் பிரிவு முதல் பயனாளியைக் காக்கிறது. ஆனால் அது கேட்பது தொடர்ச்சியான பயன்பாடு. பதிவு பெற்றவர் பயன்படுத்தத் தொடங்கிய தேதி, அவர் பதிவின் தேதி, இரண்டில் எது முந்தையதோ அதற்கும் முன்னால் நீங்கள் இருந்திருக்க வேண்டும். இருந்தேன் என்று வாயால் சொன்னால் போதாது. காகிதம் பேச வேண்டும்.

தாராவியிலிருந்து வந்த ஓர் அக்காவுக்குத்தான் இதை நான் முதலில் சரியாகப் புரிய வைத்தேன். உண்மையில் அவர்தான் எனக்குப் புரிய வைத்தார். வீட்டிலேயே முறுக்கு சுற்றத் தொடங்கி, பிறகு பக்கத்து வீட்டுப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு, பாக்கெட் போட்டுக் கடைகளுக்குக் கொடுப்பவர். அவர் வைத்த பேரோடு காதுக்கு ஒரே மாதிரி ஒலிக்கும் பேரை ஒரு பெரிய தின்பண்ட நிறுவனம் பிந்தி வந்து பதிவு செய்திருந்தது. இவர் விண்ணப்பித்ததும் அவர்கள் ஆட்சேபம் தாக்கல் செய்தார்கள். பழைய பில் கேட்டேன். "அதெல்லாம் யாரு பிள்ளே வச்சிருக்கா" என்றார். பிரிவு 34-ஐ எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவரே கேட்டார்: "நம்ம வீட்டுக்கு 2000 ஜனவரி 1-க்கு முந்தி இருந்தோம்னு ப்ரூஃப் குடுக்கம்லா, அந்த மாதிரியா?"

அதே மாதிரிதான். தாராவியில் இலவச வீட்டுக்குத் தகுதி பெற அந்தத் தேதிக்கு முன்பே அங்கே குடியிருந்ததைக் காட்ட வேண்டும். அதனால் வாக்காளர் பட்டியல், கரண்ட் பில், போட்டோ பாஸ் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பீரோவின் அடியில் வைத்திருக்காத குடும்பம் அங்கே இல்லை. இருப்பிடத்துக்குக் காகிதம் வேண்டும் என்பதை அரசாங்கம் மூன்று தலைமுறைக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது. பேருக்கும் அதே காகிதம் வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து தாராவிக்காரர் யார் வந்தாலும் நான் அந்த அக்காவின் வார்த்தையிலேயே சொல்கிறேன். இரண்டாவது தடவை விளக்க வேண்டியிருப்பதில்லை.

அக்காவின் வீட்டுக்கே போய்த் தேடினோம். மாட்டுங்காவில் ஒரு கடைக்காரர் வரவு எழுதித் தந்த நோட்டு கிடைத்தது. தேதி இருந்தது, பேர் இல்லை. பிளாஸ்டிக் கவர் அச்சடித்துக் கொடுத்தவரின் ரசீது கிடைத்தது. அதில் பேரும் இருந்தது, தேதியும் இருந்தது. தொழில் நடத்த வாங்கும் குமாஸ்தா லைசென்ஸில் தொழிலின் பேர் அதே எழுத்தில். ஒரு கல்யாண வீட்டுச் சீர்தட்டுப் புகைப்படத்தில் முறுக்குப் பாக்கெட்டின் லேபிள் தெளிவாகத் தெரிந்தது. கல்யாணப் பத்திரிகை தேடி எடுத்து, புகைப்படத்தோடு இணைத்தோம்.

தேதி அச்சடிக்காத காகிதத்துக்கும் வயதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த வேலை அது. லேபிளில் 'பம்பாய்' என்று இருந்தால் பெரும்பாலும் 1995-க்கு முந்தையது, அந்த ஆண்டில்தான் பேர் மும்பை ஆனது. பழக்கம் விடாமல் பம்பாய் என்றே அச்சடித்தவர்களும் உண்டு என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. தொலைபேசி எண்ணை எண்ணிப் பார்ப்பேன். ஏழு இலக்கமா, முன்னால் 2 சேர்ந்த எட்டு இலக்கமா? பில்லின் மேலே பி.எஸ்.டி. எண் இருந்தால் அது பம்பாய் விற்பனை வரிக் காலம். 2005 ஏப்ரல் 1-இல் வாட் வந்தது, 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தது. வரி மாறும்போதெல்லாம் கடைக்காரர்கள் புதுப் பில் புத்தகம் அடித்தார்கள், பழையதை எடைக்குப் போட்டார்கள். ஆனால் ஏதாவது ஒரு மூலையில் ஒரு புத்தகம் தப்பியிருக்கும். மூன்று வரிக் காலத்துப் பில்களையும் வரிசையாக வைத்தால் தொடர்ச்சியான பயன்பாடு என்ற சட்டத் தேவை கண்ணெதிரே எழுந்து நிற்கும். இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. பெரிய நிறுவனங்கள் விளம்பரச் செலவுக் கணக்கைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து போடுவார்கள். நம் ஆட்களிடம் இருப்பது மஞ்சள் படிந்த இந்தத் தாள்கள்தான், அவற்றின் எடை குறைந்ததல்ல.

விண்ணப்பத்திலேயே தேதி சொல்லியாக வேண்டும். இனிமேல் பயன்படுத்தப் போகிறேன் என்று போடலாம். இன்ன தேதியிலிருந்து பயன்படுத்துகிறேன் என்று போட்டால் 2017 விதிகளின்படி பிரமாணப் பத்திரமும் ஆதாரமும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். போட்ட தேதியைப் பின்னால் திருத்துவது எளிதல்ல. இங்கேதான் மலிவு விலைக்குப் பதிவு செய்து தருகிறேன் என்று கிளம்பியிருக்கும் ஏஜெண்டுகள் நம் ஆட்களின் தலையில் கல்லைப் போடுகிறார்கள். ஆதாரம் கேட்டு அலைவதற்குச் சோம்பல்பட்டு, முப்பது வருடமாக நடக்கும் கடைக்குக்கூட 'இனிமேல் பயன்படுத்தப்படும்' என்று போட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு வரியை எதிராளியின் வக்கீல் எடுத்து வைத்துக்கொண்டால் நாம் முப்பது வருடத்தையும் மறுபடி முதலிலிருந்து நிரூபிக்க வேண்டும். விண்ணப்ப எண் வந்த அன்றே "ரெஜிஸ்டர் ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நம்பி, பாக்கெட்டில் வட்டத்துக்குள் ஆர் எழுத்தை அச்சடித்துவிடுகிறார் கடைக்காரர். பதிவாகாத பேருக்கு அந்த அடையாளம் போடுவது டிரேட்மார்க் சட்டத்தின் 107-ஆம் பிரிவின்படி தப்பு. முன்பு மூன்று வருடம் வரை சிறைத்தண்டனை இருந்தது, 2024-இலிருந்து அது பண அபராதம். டி.எம். என்று போட்டுக்கொள்ளலாம், அதற்குத் தடையில்லை. இந்த வித்தியாசத்தை ஒவ்வொருவருக்கும் கையில் பாக்கெட்டை வாங்கிப் பார்த்துச் சொல்கிறேன். கட்டணமும் தெரிந்திருக்க வேண்டும்: தனிநபருக்கும் உத்யம் சான்றிதழ் உள்ள சிறு நிறுவனத்துக்கும் இணையவழியில் ஒரு வகுப்புக்கு ரூ.4,500, மற்றவர்களுக்கு ரூ.9,000. மொத்தம் 45 வகுப்புகள். முறுக்கு 30-ஆம் வகுப்பு, வாழைக்காய் சிப்ஸ் 29. ஒரே கடாயில் பொரித்தாலும் இரண்டு கட்டணம்.

டிரேட்மார்க் பதிவகத்தின் தலைமை அலுவலகம் மும்பையில்தான் இருக்கிறது, ஆண்டாப் ஹில்லில், பௌத்திக் சம்பதா பவன். திலக் நகர் ஸ்டேஷனில் ஹார்பர் வண்டி ஏறினால் குர்லா, சுனாபட்டி தாண்டி ஜி.டி.பி. நகர். விசாரணைகள் இப்போது பெரும்பாலும் காணொளியில் நடக்கின்றன. ஆனாலும் அந்தக் கட்டடத்துக்குப் போய் ஒரு கோப்பின் நிலையை நேரில் விசாரிக்கும்போது கிடைக்கும் தெளிவு திரையில் கிடைப்பதில்லை.

திங்கள்கிழமை பதிவகத்தின் ஜர்னல் வரும் நாள். ஏற்கப்பட்ட விண்ணப்பங்கள் வாரந்தோறும் அதில் வெளிவரும். வெளிவந்த நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் ஆட்சேபம் எழுப்ப வேண்டும், அதற்குப் பிறகு ஒரு நாள்கூட நீட்டிப்பு இல்லை. ஜூனியர்களின் வேலை ஜர்னலைப் புரட்டுவது. பலர் இதை அலுப்பான வேலை என்பார்கள். எனக்கு அது இந்த நாட்டின் வியாபாரத்தையே வாசிப்பதாகத் தோன்றுகிறது. சிவகாசித் தீப்பெட்டி, சூரத் சேலை, லூதியானா ஸ்வெட்டர், சாத்தூர்க் காராச்சேவு என்று யாரோ எங்கோ நம்பிக்கையோடு வைத்த பேர்கள் ஒவ்வொன்றாக நகரும். நம் கட்சிக்காரரின் பேரைப் போல ஒலிக்கும் ஒன்று தட்டுப்பட்டால் கை நின்றுவிடும்.

ஒலிக்கிறதா இல்லையா என்று தீர்மானிப்பதற்கு எங்களுக்கு வழிகாட்டி ஒரு பழைய வழக்கு, அமிர்ததாரா. லாகூரில் தொடங்கி 1903 முதல் விற்ற மருந்து அது. லட்சுமண்தாரா என்று இன்னொருவர் உத்தரப் பிரதேசத்தில் 1923 முதல் விற்றுக்கொண்டிருந்தார். எழுத்தைப் பிரித்துப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு. 1962-இல் உச்ச நீதிமன்றம் அப்படிப் பிரிக்க மறுத்தது. சராசரி அறிவும் அரைகுறை ஞாபகமும் உள்ள ஒருவர் கடையில் வந்து கேட்கும்போது அவர் காதில் என்ன மிஞ்சியிருக்கும் என்பதைப் பார் என்றது. இரண்டும் குழப்பும் என்று முடிவு செய்தது. ஆனால் இத்தனை காலம் தெரிந்தும் சும்மா இருந்ததால் லட்சுமண்தாராவை உத்தரப் பிரதேசத்துக்குள் மட்டும் அனுமதித்தது. இந்தக் கடைசிப் பகுதியைக் கட்சிக்காரர்களிடம் நான் அழுத்திச் சொல்வேன். காப்பியடிப்பவன் யாரென்று தெரிந்தபின் 'போகட்டும்' என்று விட்டால் அந்தப் பொறுமையே பிற்பாடு உங்களுக்கு எதிராக நிற்கும்.

தெய்வப் பேர்கள் தனித் துயரம். நம் ஆட்களின் கடைப் பேரில் பாதிக்கு மேல் முருகன், அம்மன், பிள்ளையார். ஊதுபத்திக்கு 'ராமாயண்' என்ற பேரை ஒருவர் தனக்கே சொந்தமாக்கிக்கொள்ள முடியாது என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புனித நூலின் பேர் எல்லாருக்கும் பொது. தெய்வப் பேரோடு கூட வீட்டுப் பேர், ஊர்ப் பேர், புதிதாக வரைந்த ஒரு சித்திரம் என்று தனித்துத் தெரியும் ஒன்றைச் சேர்க்கச் சொல்வேன். "சாமி பேர மாத்தவா சொல்லுதே?" என்று ஒரு பெரியவர் கோபித்தார். மாற்ற வேண்டாம் தாத்தா, கூட ஒன்றை நிறுத்துங்கள், சாமி துணையாக இருக்கட்டும் என்றேன். அவர் தன் ஊர்ப் பேரைச் சேர்த்தார்.

சித்திரம் என்றதும் காப்பிரைட் வந்துவிடுகிறது. பாக்கெட்டில் உள்ள லேபிளை வரைந்தவர் யார்? பெரும்பாலும் தாராவி 90 அடி சாலையிலோ செம்பூர் கேம்ப்பிலோ டி.டி.பி. கடை வைத்திருக்கும் பையன். காசு கொடுத்து வரையச் சொன்னதால் அது தன்னுடையது என்று கடைக்காரர் நினைக்கிறார். 1957-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்வதில்லை. வரைந்தவர் உங்கள் சம்பளக்காரர் இல்லையென்றால், எழுத்தில் உரிமை மாற்றித் தரும்வரை லேபிள் வடிவம் அவருடையதுதான். ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்கினால் தீர்ந்துபோகும் விஷயம். அதை வாங்காமல் விட்டு, அந்தப் பையன் அதே படத்தில் பேரை மட்டும் மாற்றி அடுத்த முறுக்குக் கடைக்குக் கொடுத்த கதை எங்கள் பகுதியில் பல உண்டு. லேபிளைப் பதிவு செய்ய வேண்டுமானால் முதலில் ஆண்டாப் ஹில்லில் விண்ணப்பித்து, இதே மாதிரி டிரேட்மார்க் எதுவும் இல்லை என்று சான்று வாங்கிக்கொண்டு, பிறகு தில்லியில் உள்ள காப்பிரைட் அலுவலகத்துக்குப் போக வேண்டும். அந்தச் சான்றுக்கே கட்டணம் ரூ.10,000. சிறு வியாபாரிக்கு இது அதிகம் என்பது என் உறுதியான கருத்து. லேபிளையே டிரேட்மார்க்காகப் பதிந்துகொண்டு, வரைந்தவரிடம் எழுத்து வாங்கி வைத்தால் பெரும்பாலோருக்குப் போதும்.

தாராவிப் பையன்களின் ராப் பாடல்கள் இன்னொரு பக்கம் என்னை இழுத்தன. 'காலா' படத்தில் தாராவியின் டோப்அடெலிக்ஸ் குழு பாடியபின், தமிழில் ராப் எழுதும் பிள்ளைகளுக்கு வாய்ப்புகள் வரத் தொடங்கின, ஒப்பந்தங்களும் வந்தன. ஒரு பையன் கொண்டுவந்த தாளில் 'எல்லா உரிமைகளும், உலகம் முழுவதும், நிரந்தரமாக' என்று இருந்தது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வந்தான். காப்பிரைட் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும் தங்கள் ராயல்டிப் பங்கை நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்துவிட முடியாது, கொடுத்தாலும் செல்லாது என்று சட்டமே சொல்கிறது. ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் வைத்திருக்கிறது. நான் 'நிரந்தரமாக' என்பதை அடித்து வருடம் போட்டேன், ராயல்டிக்குத் தனி வரி சேர்த்தேன். எதிர்த்தரப்பு முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொண்டது. பாட்டு எழுதுபவர்களுக்கும் இசையமைப்பவர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் உறுப்பினராகச் சேரும் படிவத்தை அவனும் நானும் என் மேஜையில் உட்கார்ந்து நிரப்பினோம். அவன் அம்மாவுக்கு இளையராஜா வழக்கைப் பற்றித்தான் கவலை. தம் பாட்டுக்குத் தாமே வழக்காட வேண்டுமா என்று கேட்டார். 536 படைப்புகள் தொடர்பாக சோனி நிறுவனம் 2022-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு அது. அதைச் சென்னைக்கு மாற்ற இளையராஜா தரப்பு கேட்டதை 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பழைய ஒப்பந்தங்களில் என்ன இருந்தது, என்ன இல்லை என்பதைச் சுற்றித்தான் இப்படிப்பட்ட வழக்குகள் பெரும்பாலும் நடக்கின்றன. அதனால்தான் மகனின் தாளை இவ்வளவு நேரம் பார்க்கிறேன் என்றேன்.

இனிச் சொல்வது எளிதாக வராத விஷயம். பம்பாய் உயர் நீதிமன்றத்தில் போலிச் சரக்கு வழக்குகளில் எதிர்த்தரப்புக்குத் தெரியாமலே இடைக்கால ஆணை வாங்கி, கோர்ட் ரிசீவரை நியமிப்பது வழக்கம். ரிசீவரின் அதிகாரிகள், வக்கீல், கம்பெனி ஆள், தேவைப்பட்டால் போலீஸ் என்று எல்லாரும் போய்ச் சரக்கைக் கைப்பற்றி, எண்ணி, பட்டியல் எழுதி, மூட்டை கட்டி முத்திரை வைப்பார்கள். வெளிநாட்டுப் பை நிறுவனம் ஒன்றுக்காக அப்படி ஒரு குழுவோடு ஜூனியராகத் தாராவிக்குள் போனேன். மாடி ஏணி ஏறினால் ஒரு சின்ன அறை, நான்கு தையல் மெஷின், தோல் வாசனை. ஆணை சரியானது. சின்னம் அவர்களுடையது, போலி போலிதான். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் பையின் தையலைத் திருப்பிப் பார்த்தேன். அசல் பைக்குக் கொஞ்சமும் குறையாத வேலை. பட்டியல் எழுதும்போது அங்கிருந்த மாஸ்டர் தமிழில் என்னிடம் கேட்டார், "இந்த முத்திரைய எடுத்துட்டா இத யாரும்மா வாங்குவா?" பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து தமிழ்நாட்டிலிருந்து வந்த தோல் தொழிலாளர்கள் வளர்த்த இடம் தாராவி. ஒரு நூற்றாண்டுக்கு மேல் தைத்த கைகளுக்குத் தங்கள் பேரில் ஒரு சின்னம் இல்லை.

2025 ஜூன் மாதம் இத்தாலியின் பிராடா நிறுவனம் மிலானில் காட்டிய செருப்பு அப்படியே கோலாப்புரிச் செருப்பாக இருந்தபோது ஊரே கொந்தளித்தது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற செருப்பு அது. உரிமை மகாராஷ்டிராவின் லிட்காம், கர்நாடகத்தின் லிட்கர் என்ற இரண்டு அரசு நிறுவனங்களிடம் இருக்கிறது. பம்பாய் உயர் நீதிமன்றத்தில் போட்ட பொதுநல வழக்கை ஜூலையில் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. குறியீட்டுக்குச் சொந்தக்காரர்கள்தான் வர வேண்டும், நீங்கள் யார் என்பதே கேள்வி. தீர்ப்பு சட்டப்படி சரி என்றே நினைக்கிறேன். குறியீடு வாங்கிவிட்டு, அதன் பேரில் வழக்காடும் கட்சியைத் தயார் செய்யாமல் விட்டதுதான் குறை. அன்று தாராவியில் கேள்வி கேட்ட மாஸ்டர் வழக்கு முடிந்தபின் என்னைத் தேடி வந்தார். சீனியரிடம் அனுமதி கேட்டு, கட்சிக்காரர் நலனுக்கு முரண் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டபின்தான் அவர் வேலையை எடுத்தேன். 18-ஆம் வகுப்பில், அவர் மகள் யோசித்த ஒரு பேரில், விண்ணப்பம் போட்டிருக்கிறோம். ரூ.4,500. முதல் பில்லுக்கு நானே முன்னால் உட்கார்ந்து தேதி எழுத வைத்தேன்.

திலக் நகருக்குள்ளேயே வரும் சந்தேகங்கள் வேறு வகை. விநாயகர் சதுர்த்திக்கு இங்கே சஹ்யாத்ரி கிரீடா மண்டல் எழுப்பும் பிரம்மாண்டமான செட்டைப் பார்க்க மும்பை முழுவதும் வரும். அதைப் பார்த்து ஆசைப்பட்டு, சினிமாவில் வந்த கோட்டையை நாமும் பந்தலில் கட்டலாமா என்று மற்ற மண்டல்களின் பையன்கள் கேட்பார்கள். 2007-இல் கொல்கத்தாவில் துர்க்கா பூஜைப் பந்தல் ஒன்று ஹாரி பாட்டர் கதையில் வரும் கோட்டையைக் கட்டி, வழக்கு தில்லி உயர் நீதிமன்றம் போனது. லாபநோக்கு இல்லாத பந்தல் என்பதால் அந்த வருடம் பூஜை தடையின்றி நடந்தது. கல்யாண ஊர்வலத்தில் பாட்டுப் போட லைசென்ஸ் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு, கல்யாணத்தையும் அதைச் சேர்ந்த கொண்டாட்டங்களையும் காப்பிரைட் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விலக்கி வைத்திருக்கிறது என்று சொல்லி அனுப்புகிறேன்.

என்னை இப்போது அதிகம் அலைக்கழிப்பது ரீடெவலப்மெண்ட். திலக் நகரில் பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிபட்டு மாடிக் கோபுரங்கள் எழுகின்றன. வாடகை வாங்கிக்கொண்டு இரண்டு மூன்று வருடம் வேறு இடத்தில் இருந்துவிட்டுத் திரும்ப வேண்டும். வீட்டைக் காலி செய்யும் வாரத்தில் பழைய பேப்பர் வாங்கும் ரத்திக்காரனுக்கு நல்ல வேட்டை. பரணில் இருந்த டிரங்குப் பெட்டி இறங்குகிறது, தாத்தா காலத்து லெட்டர்பேட், பில் புத்தகம், சப்ளை நோட்டு எல்லாம் கிலோ கணக்கில் போகின்றன. தாராவியும் அதே பாதையில் கிளம்பிவிட்டது. ஒரு கட்டடம் காலியாகிறது என்று தெரிந்தால் நானே சொசைட்டி செகரட்டரியிடம் போய்ச் சொல்கிறேன், வியாபாரம் செய்த குடும்பங்கள் காகிதத்தை எடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு மாலை எனக்குக் காட்டட்டும், காசு வேண்டாம் என்று. கட்சிக்காரர் பிடிக்கும் வேலையாக யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதால் செகரட்டரி கூட இருக்கும்போதுதான் போவேன்.

முறுக்கு அக்காவின் ஆட்சேப வழக்கில் இரண்டு தரப்பு ஆதாரமும் தாக்கல் ஆகிவிட்டது. எதிர் நிறுவனத்தின் முதல் விற்பனை அவர்களே காட்டிய பில்லின்படி அக்காவின் பிளாஸ்டிக் கவர் ரசீதுக்குப் பின்னால்தான் வருகிறது. அவர்கள் வக்கீல் சமரசம் பேசலாமா என்று கேட்டிருக்கிறார். பேரை விட்டுக்கொடுப்பது தவிர வேறு எதையும் பேசலாம் என்பது அக்காவின் பதில். விசாரணைத் தேதிக்குக் காத்திருக்கிறோம்.

சென்ற மாதம் அடுத்த தெருவில் அப்பளக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி கட்டடத்தைக் காலி செய்வதற்கு முன் கூப்பிட்டார். அவர் அப்பா காலத்துக் காலண்டர்கள், வாட் காலத்துப் பில் புத்தகங்கள், ஏழு இலக்கத் தொலைபேசி எண்ணோடு ஒரு ரப்பர் ஸ்டாம்ப். எது எதை எடுக்க வேண்டும் என்று பிரித்துக் கொடுத்தேன். பேரும் தேதியும் ஒன்றாக இருக்கும் தாள்கள் முதலில். வருடத்துக்கு இரண்டு மூன்று போதும், ஆனால் இடையில் வருடம் விட்டுப்போகக் கூடாது. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மகனுக்கும் மகளுக்கும் அனுப்பி வைக்க வேண்டும், அசல் வங்கி லாக்கரிலோ சொந்தக்காரர் வீட்டிலோ இருக்க வேண்டும். அண்ணாச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கடைசியில் தயங்கிச் சொன்னார், "தம்பியும் இதே பேர்லதான் வாஷில கடை போட்டுருக்கான். அவன்கூடப் பேச்சுவார்த்த இல்ல."

அப்படியென்றால் பேர் யாருக்கு, எந்தப் பகுதியில், எந்தச் சரக்குக்கு என்று இரண்டு பேரும் உயிரோடு இருக்கும்போதே எழுதிக்கொள்ள வேண்டும். அப்பா செத்தபின் அண்ணன் தம்பி மக்கள் ஒரே பேருக்குச் சண்டை போடும் கோப்புகளை சேம்பரில் நிறையப் பார்த்துவிட்டேன். தம்பிக்கு நானே போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவரிடம் இருக்கும் பில்களையும் கொண்டுவரச் சொன்னேன்.